அட்டையில் ஒரு பெயர், திரையில் ஒரு பெயர்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டு அந்த வருடத்து வியாபாரத்தைத் தொடங்குவார்கள். அன்று முதல் தீபாவளிக்கு முந்தைய வாரம் வரை எம். புதுப்பட்டியைச் சுற்றியுள்ள கடைக்காரர்களுக்கு ஒரு கைபேசி போதாது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கிஃப்ட் பாக்ஸ் கேட்பார். ஓசூரில் ஓர் அடுக்ககத்தார் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே பட்டியலாக அனுப்புவார்கள். விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் போகும், பணம் ஜிபேயில் வரும், சரக்கு லாரி செட்டில் ஏறும். வாங்குபவர் கடையைப் பார்த்ததில்லை. விற்பவர் வாங்குபவரைப் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவே இருப்பது கறுப்புக் கட்டங்கள் நிறைந்த ஒரு படம். ஊரில் அதை ‘ஸ்கேனர்’ என்றே சொல்கிறார்கள். “அண்ணாச்சி, ஸ்கேனர் அனுப்புங்க” என்றால் க்யூஆர் கோடு என்று பொருள்.

அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்து யாரும் எதையும் படிக்க முடியாது. படிக்கக் கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஸ்கேன் செய்தபின், பின் நம்பர் கேட்பதற்கு முன், திரையில் வரும் பெயர். இந்த அத்தியாயத்தில் வரும் மோசடிகளில் பாதி, அந்தப் பெயரைப் படிக்காததால் நடப்பவை. மீதிப் பாதியில் திருட்டுப் போவதே ஒருவருடைய பெயர்தான்.

இல்லாத கடையின் விலைப்பட்டியல்

2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவு பட்டாசு வாங்குவோருக்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 17 புகார்கள் வந்திருந்தன. யூடியூபிலும் சமூக ஊடகங்களிலும் மலிவு விலைப் பட்டாசு என்று விளம்பரம் வரும். தொட்டால் ஒரு வாட்ஸ்அப் எண்ணோ, பளபளப்பான ஓர் இணையதளமோ திறக்கும். பணம் கட்டியதும் கடை காணாமல் போகும். 17 என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் தீபாவளிச் செலவில் இரண்டாயிரத்தைப் பறிகொடுத்தவர்களில் எத்தனை பேர் அதற்காகப் புகார் எழுத உட்காருவார்கள்?

இந்த மோசடி பட்டாசில் இவ்வளவு எளிதாக நடப்பதற்குக் காரணம் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று, அர்ஜுன் கோபால் வழக்கில், மின்வணிக நிறுவனங்கள் இணையத்தில் பட்டாசு ஆர்டர் எடுக்கவோ விற்கவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உரிமம் பெற்ற வியாபாரிகள் மட்டுமே விற்கலாம். ஆகவே அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும் பட்டாசு கிடைக்காது. பொருள் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் இடைத்தரகர் யாரும் இல்லை. தபாலிலும் ரயிலிலும் பட்டாசு அனுப்ப முடியாது. வாங்குபவர் நேராக ஒரு வாட்ஸ்அப் எண்ணை நம்ப வேண்டியிருக்கிறது. அந்த எண்ணுக்கு மேலே ‘சிவகாசி’ என்று எழுதியிருந்தால் நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது. நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு இங்கேதான் தயாராகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைத்தான் திருடன் விற்கிறான்.

இன்னொரு சிக்கல் நாமே உண்டாக்கியது. இங்கே நேர்மையான கடையின் விலைப்பட்டியலிலேயே ‘80 சதவீதத் தள்ளுபடி’ என்று இருக்கும். அச்சடித்த விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று என்பது தொழிலின் பழக்கம். உள்ளூர்க்காரருக்கு அது தெரியும். சேலத்தில் இருப்பவருக்கு 80 சதவீதம் உண்மை, 90 சதவீதம் பொய் என்று எப்படித் தெரியும்? தள்ளுபடி சதவீதத்தை வைத்துக் கடையை எடைபோட வேண்டாம். தள்ளுபடி போக நிற்கும் விலையை, அதே பொருளுக்கு வேறு இரண்டு மூன்று கடைகள் சொல்லும் விலையோடு ஒப்பிடுங்கள். மற்ற கடைகளில் பாதி விலை என்றால் அங்கே பட்டாசு இல்லை.

வெளியூரிலிருந்து வாங்குபவர் பணம் அனுப்பும் முன் செய்ய வேண்டிய வேலை கால் மணி நேரம்கூட ஆகாது. முதலில் கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் அந்த 15 இலக்க எண் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் உள்நுழையாமலே அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கடைப் பெயர், உரிமையாளர் பெயர், முகவரி வரும். அடுத்தது உரிமம். ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘டிஆர்ஓ லைசென்ஸ்’ என்று இங்கே பேச்சில் அடிபடுவது இதுதான். வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகம் நாக்பூரில் இருப்பதால் வந்தது முதல் பெயர்; டிஆர்ஓ என்பது மாவட்ட வருவாய் அலுவலர். மூன்றாவது, ஸ்கேன் செய்தால் வரும் பெயர். இந்த மூன்றிலும் ஒரே ஆளோ ஒரே நிறுவனமோ வர வேண்டும். ஜிஎஸ்டியில் சிவகாசி முகவரி, உரிமத்தில் ஒரு பெயர், பணம் போவது வட மாநிலப் பெயர் கொண்ட ஒரு தனிநபருக்கு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். “அது எங்க அக்கவுண்டன்ட் நம்பர் சார்” என்பார்கள். அக்கவுண்டன்ட்டின் சொந்தக் கணக்கில் கடைப் பணத்தை வாங்கும் முதலாளி இந்த ஊரில் இல்லை.

வீடியோ அழைப்பில் கடையைக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவர் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டால், சிறு முன்பணம் கொடுத்து, லாரி ரசீது வந்தபின் மீதி என்று பேசிப் பாருங்கள். சீசன் நெருக்கடியில் நல்ல கடைக்காரரும் இதற்கு மறுக்கலாம்; மறுப்பதாலேயே அவர் திருடன் ஆகிவிட மாட்டார். ஆனால் “இன்னும் பத்து நிமிஷத்துல ஆஃபர் முடியுது” என்பவர் அநேகமாகத் திருடன்தான். எல்ஆர் காப்பி என்று படம் வந்தாலும், அதில் இருக்கும் பார்சல் அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டுக் கேளுங்கள். ரசீதிலேயே அச்சடித்த எண்ணைக் கூப்பிட்டால் அவனுடைய கூட்டாளியே எடுப்பான்.

இனி எம். புதுப்பட்டிக்காரர்களுக்கு. வாடிக்கையாளர் கேட்கிறாரே என்று உரிமத்தையும் ஜிஎஸ்டி சான்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். அந்தப் படத்தை எடுத்து உங்கள் பெயரிலேயே ஒரு போலித் தளம் திறப்பது அரை நாள் வேலை. ஏமாந்தவர் தீபாவளிக்கு மறுநாள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார். அனுப்புகிற ஒவ்வொரு படத்தின் மேலும் குறுக்காகக் கடையின் கைபேசி எண்ணையும், பணம் வாங்கும் கணக்கின் பெயரையும் பெரிய எழுத்தில் போட்டு அனுப்புங்கள். அழித்துவிட்டுப் பயன்படுத்துவது அவனுக்குக் கூடுதல் வேலை. வேலை கூடினால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். சீசன் தொடங்கும்போதும் புரட்டாசியிலும் உங்கள் கடைப் பெயரை நீங்களே இணையத்தில் தேடிப் பாருங்கள். உங்கள் பெயரில் வேறு எண் கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். ஒருவரும் ஏமாறாதபோதே கொடுக்கும் புகார், பின்னால் உங்களைக் காப்பாற்றும் ஆவணம்.

க்யூஆர் கோடு முத்திரை இல்லை

1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடன் வேலை பார்த்தவர்களும் கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க உருவாக்கியது க்யூஆர் கோடு. தொழிற்சாலைக்குள் ஒரு பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு வந்த பொருள். அதில் பணம் போகும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. ஆகவே ‘இதை ஒட்டியது யார்’ என்று காட்டும் வசதி அதில் இல்லை. கொஞ்சம் கிழிந்தாலும் கறைபட்டாலும் வேலை செய்யும்படி மட்டும் நன்றாகச் செய்துவிட்டார்கள்.

பட்டாசுப் பெட்டியிலும் இப்போது இந்தக் கட்டம் வந்துவிட்டது. பசுமைப் பட்டாசுக்கு நீரி ஆய்வு நிறுவனம் க்யூஆர் கோடு தருகிறது. 2025 அக்டோபர் 15 அன்று தில்லி வட்டாரத்தில் சில நாட்களுக்குப் பசுமைப் பட்டாசை அனுமதித்த உச்ச நீதிமன்றம், க்யூஆர் கோடு உள்ள பொருளைத்தான் விற்கலாம் என்று நிபந்தனை போட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு பெட்டியில் கட்டம் இருக்கிறது என்பதால் உள்ளே இருப்பது பசுமைப் பட்டாசு என்று ஆகிவிடாது. அதை ஸ்கேன் செய்து, வரும் விவரம் பெட்டியில் உள்ள தயாரிப்பாளரோடும் பொருளோடும் பொருந்துகிறதா என்று பார்த்தால்தான் அதற்குப் பயன். கட்டத்தை அச்சடிப்பது எவ்வளவு சுலபம் என்று அச்சகங்கள் நிறைந்த சிவகாசிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலண்டர் அடிக்கும் இயந்திரத்துக்கு நல்ல ஸ்கேனர், கள்ள ஸ்கேனர் என்ற வேறுபாடு தெரியாது.

பணம் வாங்கும் கட்டத்துக்குள் இருப்பது ஒரு யுபிஐ முகவரியும் ஒரு பெயரும். அந்தப் பெயர், கட்டத்தை உருவாக்கியவர் தன் விருப்பப்படி எழுதியது. முன்பெல்லாம் சில செயலிகள் அதையோ, நம் கைபேசியில் நாம் சேமித்து வைத்த பெயரையோ காட்டின. 2025 ஜூன் 30-க்குள், வங்கிக் கணக்கில் பதிவான பெயரையே பணம் செலுத்துபவருக்குக் காட்ட வேண்டும் என்று தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் செயலிகளுக்கு உத்தரவிட்டது. ஆகவே இன்று திரையில் வரும் பெயருக்கு முன்னைவிட மதிப்பு அதிகம். அட்டையில் ‘ஸ்ரீ’ போட்டு எந்தக் கடைப் பெயரையும் எழுதலாம். வங்கிப் பெயரை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

கடைவாசலில்

2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ஒரே இரவில் பல கடைகளின் க்யூஆர் கோடு மேல் வேறு க்யூஆர் கோட்டை ஒட்டிவிட்டுப் போனார்கள். பெட்ரோல் பங்க்கும் அதில் தப்பவில்லை. மறுநாள் காலையில் ஒரு மருந்துக் கடையில் விஷயம் வெளியே வந்தது எப்படி? பணம் செலுத்த வந்த வாடிக்கையாளர், “பேர் வேற வருதே” என்று கேட்டார். காவல்துறை கண்டுபிடிப்பதற்கும் கேமராப் பதிவைப் பார்ப்பதற்கும் முன்பே அந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2022 ஜனவரியில் வாகன நிறுத்தக் கட்டணம் வாங்கும் 29 இயந்திரங்களில் இப்படிப் போலி ஸ்டிக்கர் இருந்தது. அங்கே கேட்பதற்குக் கடைக்காரரே இல்லை.

நம் பக்கத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்கும் நியாயம் இருக்கிறது. டீக்கடைப் பெயர் ஒன்று. பலகையில் சாமி பெயர். ஸ்கேன் செய்தால் வருவது அக்காவின் மகன் பெயர், அதுவும் இனிஷியல் பின்னால். தினமும் பொருந்தாத பெயரையே பார்த்துப் பழகியவர், திருடன் பெயர் வரும்போதும் அதே பழக்கத்தில் பின் நம்பரைப் போட்டுவிடுவார். இதைச் சரிசெய்ய வேண்டியவர் கடைக்காரர். ஸ்கேனருக்கு மேலே கெட்டியான மையில் எழுதி வையுங்கள்: ‘பணம் அனுப்பும் முன் இந்தப் பெயர் வருகிறதா பாருங்கள்’. அதற்குக் கீழே வங்கியில் உள்ளபடியே பெயர். செலவு ஒரு தாள்.

அட்டையைக் கல்லாவுக்கு உள்பக்கம், கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். தூணில் வெளியே மாட்டியிருந்தால் இரவில் கடை மூடும்போது எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். காலையில் கடை திறந்ததும் வீட்டில் வேறொருவர் கைபேசியிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். வேலைக்கு வைத்த பையன் கூட்ட நேரத்தில் தன்னுடைய ஸ்கேனரைக் காட்டுவதும் உண்டு. தீபாவளிக் கூட்டத்தில் மூன்று பேர் கல்லாவில் நிற்கும் கடைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

கடைக்காரர் ஏமாறும் வழி வேறு. வாடிக்கையாளர் ‘பணம் அனுப்பப்பட்டது’ என்ற பச்சைத் திரையைக் காட்டுவார். அதே திரையை அப்படியே காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. ‘டிங்’ சத்தமும் வரும். சத்தம் அவர் கைபேசியில் வந்தால் அது பணம் அல்ல. உங்கள் சவுண்ட் பாக்ஸ் பேச வேண்டும், அல்லது உங்கள் செயலியில் வரவு வந்திருக்க வேண்டும். “நெட் ஸ்லோ அண்ணாச்சி, அப்புறம் வரும்” என்றால் பொருளும் அப்புறம் போகட்டும். பத்து ரூபாய் டீக்கு இவ்வளவு கறார் தேவையில்லை, முகம் பார்த்து விட்டுவிடலாம். எட்டாயிரத்துக்குப் பட்டாசு ஏற்றும்போது முகம் பார்க்க வேண்டாம்.

பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் கிடையாது

“சார், நான் ஆர்மியில் இருக்கேன். கேம்ப்புக்குப் பட்டாசு வேணும். ரூல்ஸ்படி நாங்க அனுப்புற க்யூஆரை நீங்க ஸ்கேன் பண்ணினாத்தான் அட்வான்ஸ் ஏறும்.” சீருடைப் படமும் அடையாள அட்டையும் பின்னாலேயே வரும். நாடு முழுவதும் வீட்டு வாடகைக்கு விளம்பரம் கொடுத்தவர்கள், உணவகம் நடத்துபவர்கள், மருத்துவர்கள் இப்படித்தான் ஏமாந்தார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. 2021 பிப்ரவரியில், அப்போதைய தில்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள் பழைய சோபாவை இணையத்தில் விற்க முயன்றபோது, வாங்குபவர் போல வந்தவன் முதலில் சிறு தொகை அனுப்பினான். நம்பிக்கை வந்தது. பிறகு க்யூஆர் கோடு அனுப்பினான். 20,000 ரூபாய் போனது. “தப்பான கோடு அனுப்பிட்டேன், இதை ஸ்கேன் பண்ணுங்க” என்றான். இன்னொரு 14,000 போனது.

ஸ்கேன் செய்வதும் பின் நம்பர் போடுவதும் பணம் கொடுக்க மட்டுமே. வாங்குவதற்கு எதையும் தொட வேண்டாம். உங்கள் எண்ணை மட்டும் சொன்னால் போதும். ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு யுபிஐயில் வேண்டுகோள் அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள், இதே மோசடிக்காக. திருடர்கள் அதனால் வேறு தொழிலுக்குப் போய்விடவில்லை. க்யூஆர் படமும் இணைப்பும் இன்னும் அவர்கள் கையில் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம், விவசாயி உதவித்தொகை என்று ஏதாவது சொல்லி வாட்ஸ்அப்பில் ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பு வரும். திறந்து நிறுவினால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும். அப்படி ஒன்று உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள்.

விரல் ரேகையும் ஆதார் நகலும்

‘பயராபீஸ்’ எனப்படும் பட்டாசு ஆலையில் வேலைக்குச் சேரும்போது ஆதார் நகல், பிஎஃப்புக்கு நகல், மகளிர் குழுக் கடனுக்கு நகல், சிம் வாங்க நகல். ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பிரின்ட் எடுத்தால், அந்தக் கடைக் கணினியில் ஊரே இருக்கும். அச்செடுத்ததும் கண் எதிரில் அழிக்கச் சொல்லுங்கள். நகலின் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள், என்ன தேதி என்று குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முழு எண் தேவையில்லாத இடங்களுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஒருவர் காட்டும் ஆதார் அட்டை உண்மையா என்று சந்தேகம் வந்தால் அதில் உள்ள க்யூஆர் கோட்டை எம்-ஆதார் செயலியால் ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கோடு மின் கையொப்பம் இட்டது; பெயரும் படமும் மாறினால் காட்டிக்கொடுத்துவிடும். இந்த அத்தியாயத்தில் வரும் க்யூஆர் கோடுகளில் தனக்குத்தானே சாட்சி சொல்வது இது ஒன்றுதான்.

பெரியவர்களுக்கு ஆபத்து விரலில் இருக்கிறது. வருடக்கணக்காக வெடிமருந்திலும் கயிற்றிலும் காகிதத்திலும் தேய்ந்த விரலில் ரேகை சரியாக விழாது. நூறு நாள் வேலைப் பணமோ உதவித்தொகையோ எடுக்க வங்கி முகவரிடம் போனால், “ரேகை விழலை ஆத்தா, இன்னொரு வாட்டி வைங்க” என்பார். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் ஒவ்வொரு முறை விரல் வைப்பதும் ஒரு பரிவர்த்தனையாக முடியும். தோல்வி என்றாலும் ரசீது கேளுங்கள். அன்றே கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வேறொரு இடத்தில் பாருங்கள். விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி எம்-ஆதாரில் இருக்கிறது. பூட்டினால் உங்கள் ரேகையின் நகலை வைத்து யாரும் பணம் எடுக்க முடியாது. உங்களுக்கே தேவைப்படும்போது சிறிது நேரம் திறந்துகொள்ள வேண்டும். அதற்கு ஆதாரில் பதிவான கைபேசி எண் கையில் இருக்க வேண்டும். ரேஷன் கடையில் விரல் வைக்கும் நாளை மறந்துவிட்டுப் பூட்டிவைத்தால் வரிசையில் நின்று திட்டு வாங்க நேரும். ஆதார் சம்பந்தமான சந்தேகங்களுக்கு 1947 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

சிம் கார்டு விற்பவர் “போட்டோ சரியா விழலை” என்று இரண்டாம் முறை எடுத்தால், உங்கள் பெயரில் இரண்டு சிம் போயிருக்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பாருங்கள். தெரியாத எண்ணை அங்கேயே ‘என்னுடையது அல்ல’ என்று குறித்துவிடலாம். கைபேசி தொலைந்தால் அதை முடக்குவதும் அதே தளத்தில்தான். உங்கள் கைபேசியில் திடீரென்று சிக்னல் போய், மணிக்கணக்காக வராவிட்டால் டவர் கோளாறு என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றியிருக்கலாம். ஆதார் எண்ணும் ஓடிபியும் இருந்தால் யுபிஐ பின் நம்பரையே புதிதாக வைக்க முடியும் என்பதால் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது.

கணக்கை வாடகைக்கு விடுவது

தீபாவளி முடிந்து ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் இந்தப் பேச்சு வரும். “தம்பி, உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு. மாசாமாசம் பணம் தர்றோம். கம்பெனி டாக்ஸ் விஷயம், வேற ஒன்னும் இல்லை.” கேட்பவர் பெரும்பாலும் தெரிந்த பையனாகவே இருப்பார். அந்தக் கணக்கின் ஸ்கேனர்தான் நாளை எங்கோ ஒரு போலிப் பட்டாசுக் கடையின் இணையதளத்தில் இருக்கும். ஏமாந்தவர் திரையில் பார்த்த பெயர் உங்கள் பெயர். காவல்துறை முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு.

2024 டிசம்பரில் தமிழ்நாடு இணையவழிக் குற்றப்பிரிவு ‘திரைநீக்கு’ என்ற பெயரில் நடத்திய நடவடிக்கையில் மூன்று நாட்களில் 76 பேரைக் கைது செய்தார்கள். இப்படிப்பட்ட நடவடிக்கைகளில் சிக்குபவர்களில் கணக்கை வாடகைக்கு விட்டவர்கள் நிறைய. தலைவன் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருப்பான். கையில் அகப்படுவது பாஸ்புக்கில் படம் இருப்பவர்தான். மற்றவருடைய அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. “எனக்கு ஒன்னும் தெரியாதுங்கய்யா” என்பது நீதிமன்றத்தில் எடுபடலாம், எடுபடாமலும் போகலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றே வங்கிக்குப் போய் எழுத்தில் கொடுத்துக் கணக்கை மூடச் சொல்லுங்கள்; பிறகு காவல் நிலையத்தில் நீங்களாகவே சொல்லுங்கள். பிடிபட்டபின் சொல்வதற்கும் முன்பே சொல்வதற்கும் வழக்கில் பெரிய வித்தியாசம்.

பணம் போன பிறகு

1930. இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் இது. இதைக் கைபேசியில் இப்போதே சேமித்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள்.

திருட்டுப் பணம் ஒரு கணக்கில் நிற்காது. ஒன்றிலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து ஏடிஎம்முக்கும் போகும். அது நகர்வதற்குள் நிறுத்தினால்தான் திரும்பும். வீட்டில் சொன்னால் திட்டுவார்களே என்று இரவு முழுக்க யோசிப்பவர்கள் இழப்பது அந்த இரவைத்தான். 1930-ஐக் கூப்பிடும்போது 12 இலக்கப் பரிவர்த்தனை எண், நேரம், தொகை, உங்கள் வங்கி, போன கணக்கின் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும். பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்து, கிடைக்கும் ஒப்புகை எண்ணை எழுதி வையுங்கள். வங்கியின் எண்ணை ஏடிஎம் கார்டின் பின்புறத்திலிருந்து எடுங்கள். இணையத்தில் தேடினால் போலி வாடிக்கையாளர் சேவை எண் முதலில் வரும். நேரில் போவதானால் எம். புதுப்பட்டியிலேயே காவல் நிலையம் இருக்கிறது. விருதுநகரில் மாவட்ட இணையவழிக் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது.

வங்கியிடமிருந்து என்ன எதிர்பார்க்கலாம்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நட்டம் உங்களுடையது அல்ல. நீங்களே பின் நம்பரோ ஓடிபியோ கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது உங்கள் கணக்கில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் கணக்கில். க்யூஆர் மோசடிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆகவே அந்த முதல் அழைப்பின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புகாரைப் பற்றி முகநூலில் எழுதினால், “பணத்தை மீட்டுத் தருகிறோம்” என்று யாராவது வருவார்கள். கட்டணம் கேட்பார்கள். 1930 எதற்கும் கட்டணம் வாங்குவதில்லை.

கடைசியாக, எந்தத் தவறும் செய்யாத வியாபாரிக்கு வரும் தலைவலி ஒன்று. திருடன் திருடிய பணத்தில் உங்களிடமே பட்டாசு வாங்கிவிட்டுப் போவான். இரண்டு வாரம் கழித்து வேறு மாநிலக் காவல்துறையின் கோரிக்கையின் பேரில் உங்கள் நடப்புக் கணக்கு முடங்கியிருக்கும். கூலி கொடுக்க முடியாது. வங்கி மேலாளரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் புகார் எண், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை இயக்க அனுமதிக்கும்படி மனு கொடுங்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி முடக்கப்பட்ட ஒரு கணக்கில் இரண்டரை லட்சம் ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க விடும்படி உத்தரவிட்டிருக்கிறது. அந்த விற்பனையின் பில், ஜிஎஸ்டி கணக்கு, எல்ஆர் காப்பி, வாங்கியவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். இதற்காகவே சீசன் முடிந்தாலும் வாட்ஸ்அப் பேச்சுகளை அழிக்காமல் அடுத்த ஆடி வரை வைத்திருங்கள்.